கடைக் குழம்பில் அம்மாவின் கைமணம்

கேள்வி: சுங்கை சிப்புட் பட்டணத்துச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் அண்மையில் வாழையிலைச் சோற்றுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினார்கள். முதல் கவளத்திலேயே, தோட்டத்து லயத்தில் என் அம்மா வைத்த குழம்பு நாவில் வந்து நின்றது, கண் கலங்கிவிட்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டி எங்களை ஆளாக்கிய அம்மா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவரிடம் நேரில் கற்றுக்கொண்ட எனக்கே அந்தச் சுவை இன்றுவரை வந்ததில்லை. முன்பின் அறியாத ஒருவரின் கையில் அது எப்படி வந்தது? எல்லாம் மனப்பிரமை என்கிறார் என் அக்காள்.
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அக்காள் அப்படித் தள்ளிவிட வேண்டியதில்லை. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மணம்தான். சோற்றை மெல்லும்போது அது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. கண்ணும் காதும் அனுப்பும் செய்தி மூளையில் தலாமஸ் என்னும் இடைநிலையத்தில் நின்று போக, மணத்தின் செய்தி அங்கு நிற்காமல், உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புடைய பகுதிகளுக்கு நேராகச் செல்கிறது. என்ன குழம்பு என்று யோசிக்குமுன் கண் கலங்கியதில் வியப்பில்லை.

ஆனால், குழம்பு ஏன் ஒத்திருந்தது என்பதற்கு விடையை அடுப்படியில்தான் தேட வேண்டும். அம்மாவின் கைமணம் என்று நாம் போற்றுவதில் பாதி, அவர் குடியிருந்த லயத்தின் மணம் என்பது என் எண்ணம். ஒரே தோட்டத்துக் கடையில் பற்று வைத்து வாங்கிய மிளகாயும் மல்லியும் புளியும் கருவாடும்தான் அந்த வரிசை வீடுகள் பலவற்றில் வெந்தன. 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்து, மறுநடவுக்காக வெட்டிச் சாய்த்த கித்தா (ரப்பர்) மரங்களின் கட்டைகளே அடுப்பில் எரிந்தன. ஒரு வீட்டுக் குழம்பு கிண்ணத்தில் அடுத்த வீட்டுக்குப் போய், அந்தக் கிண்ணம் வேறொரு குழம்போடு திரும்பி வந்தது. அந்தக் கடையில் கரண்டி பிடிப்பவரும் இப்படியொரு லயத்தில் வளர்ந்தவராக இருக்கக்கூடும். அடுத்த முறை போகும்போது எந்தத் தோட்டம் என்று கேட்டுப்பாருங்கள்.

இதைவிட முக்கியமான காரணம் நேரம். இளங்குளிர் இருக்கும்போதுதான் மரத்தில் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால் உங்கள் அம்மா விடியுமுன்னே பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலையாட்களின் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போயிருப்பார். அதற்கும் முன்பே எழுந்து, உலை வைத்து, குழம்பைக் கொதிக்க வைத்து இறக்கியிருப்பார். நீங்கள் பள்ளிவிட்டு வந்து சட்டியைத் திறந்தபோது அது பல மணி நேரம் ஆறிக் கிடந்து, கருவாட்டின் உப்பு கத்திரிக்காய்க்குள் இறங்கி, பச்சைப் புளியின் கூர்மை அடங்கி, எண்ணெய் மேலே பிரிந்து நின்றிருக்கும். ஆகவே, நீங்கள் வளர்ந்தது அம்மா இறக்கிய சூட்டில் சாப்பிட்ட குழம்பில் அன்று, ஊறிய குழம்பில். மதியக் கூட்டத்துக்காக விடியலிலேயே பெரிய சட்டியில் வைத்துவிடும் சாப்பாட்டுக்கடைக்காரரும், தாம் அறியாமலே, அதே நேரக்கணக்கில்தான் சமைக்கிறார். நீங்களோ பன்னிரண்டு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, ஒரு மணிக்கு ஆவி பறக்கப் பரிமாறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் கற்ற பக்குவத்தில் குறையிருக்காது. ஊறும் நேரத்தைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள், அவருக்கே அது பக்குவத்தின் பகுதி என்று தோன்றியிருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வைத்துப்பாருங்கள். நெத்திலியைத் தலை கிள்ளி, வெந்நீரில் அலசி, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தனியே எடுத்துவிடுங்கள். சின்ன வெங்காயத்தை முழுதாகவே வதக்குங்கள். (வெங்காயத்தை மிக்சியில் அரைத்து ஊற்றும் வழக்கத்தை யார் தொடங்கிவைத்தார்களோ, குழம்புக்கு அதைவிடக் கேடு வேறில்லை.) மிளகாயையும் மல்லியையும் அன்றே வறுத்து இடியுங்கள், புளிக்கரைசல் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு கருவாட்டைச் சேர்த்து, மண்சட்டியிலேயே மூடி வைத்து, மதியம் திறவுங்கள். தேங்காய்ப்பால் வேண்டாம், நம் ஊர் வெக்கைக்கு அத்தனை நேரம் தாங்காது. விறகுப் புகை மட்டும் எரிவாயு அடுப்பில் கிடைக்காது. அதற்குப் பட்டணத்துக் கடையையே நாடிப் போங்கள். வெள்ளி கொடுத்துச் சாப்பிடுவதால் அம்மாவுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

கேள்வி: என் மருமகள் மீன் குழம்பில் செராய் (எலுமிச்சைப்புல்) தட்டிப் போடுகிறாள். என் தாயார் வைத்த குழம்பில் அது இருந்ததில்லை. நம் சமையல் கெட்டுப்போகாதா?
– வாசகர், கோல கங்சார்

பதில்: உங்கள் தாயார் போட்ட மிளகாயே அமெரிக்கக் கண்டத்துச் செடி; 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதை ஏற்றுக்கொண்ட மீன் குழம்பு, கம்பத்து (கிராமத்து) வேலியோரம் வளரும் செராயையும் ஏற்றுக்கொள்ளும். மீனுக்குப் பொருந்துவது கருவாட்டுக்குப் பொருந்தாது என்பதை மட்டும் மருமகளிடம் சொல்லிவையுங்கள். ஒரு தண்டு போதும். அடிப்பகுதியைத் தட்டிப் போட்டு, குழம்பை இறக்கியதும் எடுத்துவிட வேண்டும்.