இந்த வருஷம் கம்மா (கண்மாய்) பெருகுமா? மழை, வறட்சி கேள்வி பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விய எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். நான் வானிலை ஆபீசர் எல்லாம் கிடையாதுங்க. முதுகுளத்தூர் பக்கம் நாலு ஏக்கர் மானாவாரி, மொட்டை மாடில ஒரு மழைமானி, 17 வருஷமா தினம் காலைல எட்டரைக்கு அளந்து டைரில எழுதுறேன், அவ்வளவுதான்.

கமுதி தம்பி: அண்ணே, எல் நினோ எல் நினோன்னு டிவில பயமுறுத்துறாங்க. புழுதி விதைப்பு (மழைக்கு முன்னாடியே காஞ்ச மண்ணுல விதைக்கிறது) போடவா வேணாமா?

போடுங்க தம்பி. டிவில சொல்றது வடக்க இருக்கவங்களுக்கு. பசிபிக் கடல்ல பூமத்திய ரேகை ஓரம் தண்ணி வழக்கத்த விட சூடாச்சுன்னா அதுதான் எல் நினோ, அப்ப தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் இளைச்சுப் போகும், நிஜம்தான். ஆனா நம்ம ராமநாதபுரத்துக்கு வருஷத்துக்கு சுமார் 82 சென்டிமீட்டர் மழை, அதுல பாதிக்கு மேல ஐப்பசி கார்த்திகைல வடகிழக்குப் பருவமழைலதான் வருது, அந்த மழைக்கு எல் நினோ பெரும்பாலும் சாதகம். 2015 சென்னை வெள்ளம் எல் நினோ வருஷம். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அதுவும் எல் நினோ வருஷம்தான். நம்மள கவுத்தது 2016. அந்த வருஷம் எல் நினோ முடிஞ்சு லா நினா (எல் நினோவுக்கு நேர் எதிர், பசிபிக் தண்ணி வழக்கத்த விட குளிர்றது) பக்கம் சாஞ்சிருச்சு, கூடவே இந்தியப் பெருங்கடல்ல ஆப்பிரிக்கா பக்கம் ஆறிப்போயி சுமத்ரா பக்கம் சூடேறி மேகத்த எல்லாம் அங்க இழுத்துக்கிச்சு. தமிழ்நாடு முழுக்க வடகிழக்குல 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டியதுக்கு 168தான். 2017 ஜனவரில எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அரசாங்கம் அறிவிச்சுச்சு.

அதுக்காக எல் நினோன்னா மழை கேரண்டின்னு நான் சொன்னதா ஊர்ல போய் சொல்லிடாதீங்க. 2021 லா நினா வருஷம், ஆனா வடகிழக்குல கொட்டித் தீத்துச்சு. தராசு ஒரு பக்கம் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். எல் நினோங்கிற பேரக் கேட்டதும் விதைநெல்ல அவிச்சுத் தின்னுடாதீங்க.

ஒரத்தநாடு அக்கா: அப்ப எங்க டெல்டாவுக்கும் எல் நினோ நல்லதா?

இல்லக்கா, உங்களுக்கு ரெண்டு வாசல், ஒண்ணு மேட்டூர், இன்னொண்ணு எங்கள மாதிரி வடகிழக்கு மழை. மேட்டூர் தண்ணி குடகு மழைய நம்பி இருக்கு, அது தென்மேற்கு. 2023 ஆகஸ்ட் இந்தியாவுல 1901க்கு அப்புறம் ரொம்ப வறண்ட ஆகஸ்ட். ஜூன் 12 கணக்கா மேட்டூர் திறந்தும் குறுவை கடைமடைல காஞ்சது உங்களுக்கே தெரியும். அடுத்த வருஷம் ஜூலை 28 வரைக்கும் திறக்கவே இல்ல. காவிரி வழக்குத் தீர்ப்புல நமக்கு 177.25 டிஎம்சின்னு எழுதியிருக்கு, ஆனா மேல பெய்யலன்னா பேப்பர்ல உள்ள தண்ணிய வச்சு நாத்து நட முடியாது. அதனால எல் நினோ வருஷத்துல குறுவைக்கு போர் உள்ளவங்க மட்டும் இறங்கலாம், மத்தவங்க சம்பாவ நம்புறது மேல். இது என் கருத்து, உங்க ஊரு பெரியவங்ககிட்டயும் கேட்டுக்கங்க.

திருவாடானை வாசகர்: நார்மல் மழைன்னு அறிக்கை விடுறாங்க, எங்க கம்மா பாதிகூட நிறையல. யார் பொய் சொல்றா?

யாரும் பொய் சொல்லல. சராசரிக்கு 19 சதவீதம் கூடக்குறைய பெஞ்சாலும் வானிலை மையத்துக் கணக்குல அது நார்மல்தான். 20லேருந்து 59 வரை குறைஞ்சா பற்றாக்குறை, 60க்கு மேல குறைஞ்சா பெரும் பற்றாக்குறை, 2016 அந்த வகை. ஆனா இது முழு சீசனுக்கும் மொத்தக் கூட்டல், மழை எப்ப விழுந்துச்சு, எப்படி விழுந்துச்சுன்னு இதுல வராது. ஒரு ஏக்கர்ல ஒரு சென்டிமீட்டர் பெஞ்சா சுமாரா நாப்பதாயிரம் லிட்டர். நல்ல மழையயே பத்து நாளா தூத்தலா போட்டா செய்யிக்கு (வயலுக்கு) நல்லது, காஞ்ச கரிசல் குடிச்சு முடிச்சிரும், கம்மாய்க்கு ஒரு சொட்டு வராது. ரெண்டு மணி நேரத்துல அடிச்சு ஊத்தினா கம்மா பெருகும், ஆனா அப்புறம் மூணு வாரம் வானம் மூடவே இல்லன்னா பயிரு போச்சு. 2016 நவம்பர்ல நான் பாத்தேன், நெல்லு கணுக்கால் உசரத்துல நின்னு நுனி சுருண்டு வைக்கோல் நிறத்துக்கு மாறிருச்சு, கையால உருவினா வேரோட வந்துச்சு, வேர்ல மண்ணுகூட ஒட்டல.

அடுத்தது வரத்துக் கால், அதாவது கம்மாய்க்குத் தண்ணி கொண்டுவர்ற வாய்க்கால். நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடைன்னு பேரு வாங்கின ஆர்.எஸ்.மங்கலம் கம்மா உங்க பக்கத்துலதான் இருக்கு. அவ்வளவு பெரிய கம்மாய்க்கே கால் தூந்து போனா தண்ணி எப்படி வரும்? மழை வர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் ஊர்க்காரங்க நாலு பேரு கால் வழியா நடந்து பாருங்க, எங்க அடைச்சிருக்குன்னு தெரிஞ்சிரும்.

சாயல்குடி நண்பர்: சீமைக் கருவேலம் காத்துல உள்ள ஈரத்தையே உறிஞ்சி மழைய விரட்டுதாமே?

வாட்ஸ்அப் கதை. வேர் ரொம்ப ஆழம் போகும், நிலத்துக்கடி நீரக் குடிக்கும், அது உண்மை. காத்துலேருந்து உறிஞ்சி மழைய விரட்டுறதெல்லாம் இல்ல. கம்மா உள்வாய்லயும் வரத்துக் கால்லயும் நிக்கிறத கண்டிப்பா வேரோட எடுக்கணும். மத்தபடி விளையாத வருஷத்துல இந்த மாவட்டத்துல எத்தன வீட்டுல அடுப்பு எரிஞ்சது கரிமூட்டத்தாலன்னு நினைச்சுப் பாத்துட்டு திட்டுங்க.

பரமக்குடி மாப்ள: இன்சூரன்ஸ் கட்டி என்ன புண்ணியம் மாமா, ஒண்ணும் வராது.

கட்டு மாப்ள. ராபி நெல்லுக்கு காப்பீட்டுத் தொகைல ஒன்றரை சதவீதம்தான் நம்ம பங்கு. ஒண்ண மட்டும் புரிஞ்சுக்க, உன் செய்ய தனியா பாக்க மாட்டாங்க, வருவாய் கிராமத்துல அறுவடை சோதனை வச்சு சராசரி எடுப்பாங்க. உனக்குக் காஞ்சு பக்கத்து செய்க்காரனுக்கு போர்ல விளைஞ்சா கணக்கு உதைக்கும். மழை இல்லாம கிராமத்துல முக்காவாசி நிலம் விதைக்கவே முடியலன்னா கால்வாசித் தொகை தர்ற விதியும் இருக்கு, பல பேருக்கு இது தெரியாது. அடங்கல் (விஏஓ தர்ற பயிர்க் கணக்கு) வாங்குனதும் சர்வே நம்பர ஒண்ணுக்கு ரெண்டு தடவ படி. எனக்கு ஒரு வருஷம் ஒரு இலக்கம் மாத்தி டைப் அடிச்சிட்டாங்க, ஊரே பணம் வாங்குச்சு, நான் எட்டு மாசம் அலைஞ்சு வாங்காமலே விட்டேன்.

வறட்சி நிவாரணம் இதுலேருந்து தனி. 33 சதவீதத்துக்கு மேல பயிர் போயிருக்கணும். 2022ல வந்த பேரிடர் நிவாரண விதிப்படி மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபா, பாசன நிலத்துக்கு 17,000, அதிகபட்சம் 2 ஹெக்டேர். உழவு கூலிக்கே பத்தாது, இருந்தாலும் விடாதீங்க.

சென்னை அம்பத்தூர்: 2019 மாதிரி ரயில்ல தண்ணி வருமா சார்?

வரலாம், வராமலும் போகலாம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் சேத்து சுமார் 11 டிஎம்சி, அவ்வளவு பெரிய ஊருக்கு அது ஒரு வருஷத் தண்ணி. ஒரு மழை தப்பினா 2019தான், ஜோலார்பேட்டைலேருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். உங்க மாடி ஆயிரம் சதுர அடின்னா ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 900 லிட்டருக்கு மேல விழுது. மழைநீர் சேகரிப்பு 2003லயே கட்டாயம் ஆயிருச்சு, குழாய் இருக்கும், கீழ அந்தக் குழி தூந்து போயிருக்கான்னு திறந்து பாருங்க சார்.

முதுகுளத்தூர் ஆச்சி (பேரன் டைப் பண்ணினது): தீவனம் இல்லய்யா, மாட்ட வச்சுக்கவா வித்துரவா?

ஆச்சி, கார்த்திகை பாதி வரைக்கும் பாருங்க. வடகிழக்கு வழக்கமா அக்டோபர் 20 வாக்குல ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடியே வானிலை மையம் மூணு மாசக் கணிப்பு விட்டுரும், அது ஒரு ஜாடைக்குத்தான். நாலஞ்சு நாள் கணிப்புதான் நம்பி வேலை பாக்கத் தோதானது. கார்த்திகை பாதியிலயும் ஊருணி நிறையலன்னா ரெண்டுல ஒண்ண அப்பவே வித்துருங்க. நான் 2017ல தை வரைக்கும் பிடிச்சு வச்சேன், அப்ப சந்தைல எல்லாரும் மாட்டப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, வாங்கத்தான் ஆளு இல்ல. சினை மாட்ட மட்டும் விக்காதீங்க.

கடைசியா ஒரு பொடியன்: மழைமானி எங்க வாங்குறது?

வாங்க வேணாம்டா. வாயும் அடியும் ஒரே அகலத்துல நேரா இருக்கிற டப்பா ஒண்ண எடு, மரம் சுவரு பக்கத்துல இல்லாம வெட்டவெளில கல்லு அண்டக் கொடுத்து வை, காலைல ஸ்கேல விட்டு அள. பத்து மில்லிமீட்டர் நின்னா ஒரு சென்டிமீட்டர் மழை. வெயிலுக்கு முன்னாடி அளந்துரு, இல்லன்னா ஆவியாயிரும். காக்காவையும் பாத்துக்க, என் முத வருஷ டைரில பாதிக் கணக்கு அது குடிச்சது போக மிச்சம்.