சேலத்தில் எதிர்க்கட்சிக்கு எங்கே இடிக்கிறது?

பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலத்துக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அம்மாபேட்டை: 2019ல் எதிர்க்கட்சியாக இருந்தே சேலம் எம்.பி. தொகுதியைப் பிடித்த திமுக, ஆட்சிக்கு வந்த 2021ல் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் ஒன்றைத்தான் ஜெயித்தது. எப்படி சார்?

அந்த ஒன்று சேலம் வடக்கு. கூட்டணிக் கணக்கு என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் பாமக 2019லும் அதிமுகவோடுதான் இருந்தது. மாறியது கேள்வி. முதலில் டெல்லியில் யார் என்று கேட்டார்கள். அப்புறம், நம்ம ஊர் முதலமைச்சர் வேண்டுமா வேண்டாமா என்று. எடப்பாடியில் பழனிசாமிக்கு 93,000க்கு மேல் வித்தியாசம்.

ஓமலூர்: வன்னியர்களுக்குக் கல்வியிலும் வேலையிலும் தந்த 10.5 சதவீத உள் ஒதுக்கீடு?

அதுவும்தான். தேர்தல் தேதி அறிவித்த அன்றே, 2021 பிப்ரவரி 26ல், சட்டம் நிறைவேறியது. ஆளுங்கட்சி சட்டம் போடலாம், எதிர்க்கட்சி வாக்குறுதிதான் தரலாம். நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது ஓட்டு எண்ணி ஆறு மாதம் ஆகியிருந்தது.

சங்ககிரி: திமுகவை இடது சாய்ந்த மையக் கட்சி எனலாமா?

சொல்லலாம். சிக்கலே அங்கேதான். குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது திமுக. 1,500 என்றது அதிமுக. நலத்திட்டத்தில் இரண்டும் ஒரே கடைச் சரக்கு. வித்தியாசம் காட்ட எதிர்க்கட்சிக்கு என்ன மிச்சம்?

ஆத்தூர்: பிரிட்டனின் லேபர் கட்சி மட்டும் எப்படி எழுந்தது?

2017ல் 40 சதவீத ஓட்டு, 262 இடம், தோல்வி. 2024ல் 34கூட இல்லை, 411 இடம். கன்சர்வேட்டிவ் ஓட்டை ரிஃபார்ம் கட்சி பிரித்தது. லேபர் ஓட்டும் தேவையான தொகுதிகளில் விழுந்தது. அங்கேயும் நம்மைப்போல, முந்தியவருக்கே தொகுதி. எதிர்க்கட்சிக்காரர்கள் மொத்த சதவீதத்தைப் பார்த்து மயங்கக் கூடாது.

ஏற்காடு: மலைக்கு ஓட்டு கேட்க மட்டும் வருகிறார்களே?

பழங்குடியினர் தொகுதிதான். ஆனால் ஓட்டில் பெரும்பகுதி கீழே, வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கம். கையில் காசில்லாத கட்சி ஜீப் வாடகையைக் கணக்குப் பார்க்கும். ஒருமுறை மலைச் சாவடி ஒன்றில் எனக்குப் பணி. ஆளுங்கட்சி முகவர் விடியற்காலை மாதிரி வாக்குப்பதிவுக்கே டிபனோடு வந்துவிட்டார், மாற்று ஆளும் கூட. எதிர்த்தரப்பில் ஒரே பையன். மதியம் சாப்பிடப் போனவன் திரும்பவில்லை. சாயங்காலம் பதிவான ஓட்டுக் கணக்கு எழுதிய 17சி படிவத்தை நீட்டினேன். அந்தக் கட்சிக்காக வாங்கிக்கொள்ள ஆளில்லை.