பொம்மை வீட்டு டிவி நிஜமாகத் தெரிய வேண்டுமா? வாசகர் கேள்வி – பதில்

நவராத்திரிக் கொலுவில் பார்க், கோயில், தெப்பக்குளம் என்று வைத்தது போக, இப்போது கூடம், அடுக்களை, படுக்கையறை கொண்ட முழு வீட்டையே பலர் செய்து வைக்கிறார்கள். அந்த வீட்டுக்கு வேண்டிய டிவி, ஏசி, ரவுட்டர், செல்போன் பற்றி எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். தனியாகச் சொல்லாத இடங்களில் அளவெல்லாம் 1:12 கணக்கு. நிஜத்தில் ஒரு அடி என்றால் பொம்மை வீட்டில் ஒரு அங்குலம்.

கேள்வி: கறுப்பு சார்ட்டில் படம் ஒட்டி, சுவரில் டிவி மாட்டினேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் "போட்டோவா மாட்டியிருக்கே?" என்று கேட்கிறார்கள். எதை மாற்ற வேண்டும்? – வாசகி, செங்கோட்டை

முதலில் பொம்மையை அளந்து பாருங்கள். கொலுப் பொம்மைகள் எல்லாம் 1:12-இல் வருவதில்லை. நிற்கிற பெண் பொம்மையின் உயரத்தை 160 சென்டிமீட்டரால் வகுத்தால் உங்கள் வீட்டின் அளவு விகிதம் கிடைக்கும். பொம்மை 13 செ.மீ. இருந்தால் ஏறக்குறைய 1:12. மரப்பாச்சி 20 செ.மீ. இருந்தால் 1:8. நிஜத்தில் 96 செ.மீ. அகலமுள்ள 43 அங்குல டிவி, முதல் வீட்டில் 8 செ.மீ., இரண்டாவதில் 12 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். செட்டியார் பொம்மை போல உட்கார்ந்திருப்பதை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

1:12-இல் 43 அங்குல டிவியின் திரை 79 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம். 32 அங்குலத்துக்கு 59க்கு 33. 55 அங்குலத்துக்கு 101க்கு 57.

அடுத்தது ஓரம். பெரும்பாலும் டிவி கெடுவது இங்கேதான். 3 மி.மீ. கறுப்பு ஓரம் விட்டால் அது நிஜத்தில் 3.6 செ.மீ. ஆகிறது. போட்டோ ஃப்ரேமுக்குத்தான் அவ்வளவு ஓரம் இருக்கும். இன்றைய டிவிக்கு மேலும் பக்கமும் 1 மி.மீ.க்குள், கீழே ஒன்றரை மி.மீ. போதும்.

பிறகு கனம். சுவரில் மாட்டும் டிவி விளிம்பில் மெல்லியது, பின்னால் கீழ்ப்பாதியில் மட்டும் புடைத்திருக்கும். முன்தகட்டை 1 மி.மீ. பிளாஸ்டிக்கில் வெட்டி, அதன் பின்னால் கீழ்ப்பாதியில் 60க்கு 25 மி.மீ. அளவில் 5 மி.மீ. சன்போர்டு (நுரைப் பிளாஸ்டிக் பலகை) துண்டு ஒன்றை ஒட்டுங்கள். சுவரை விட்டு டிவி சற்று விலகி நிற்கும், அதன் நிழல் சுவரில் விழும். அந்த நிழல்தான் போட்டோவையும் டிவியையும் பிரித்துக் காட்டுகிறது.

படத்துக்கு, ஓடுகிற டிவியைச் செல்போனில் படம் பிடிக்காதீர்கள், அலை அலையாகக் கோடு விழும். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தாளில் அச்சான படத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது என்பதால் பிரகாசத்தைக் கொஞ்சம் தூக்கி, ஸ்டூடியோவில் கிளாஸி தாளில் 4க்கு 6 அங்குலப் பிரின்ட் போடுங்கள். ஒரே தாளில் டிவி, லேப்டாப், செல்போன் திரை எல்லாம் அடங்கும். ஓரத்தில் சரியாக 50 மி.மீ. நீளக் கோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோ மெஷின் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி விளிம்பை வெட்டிவிடுவது வழக்கம். கோட்டை அளந்தால் உடனே தெரிந்துவிடும்.

அணைந்த டிவி இன்னும் சுலபம். ஓஎச்பி ஷீட் எனும் தெளிவான பிளாஸ்டிக் தாளின் பின்பக்கம் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கோட் அடித்துத் திருப்பி வையுங்கள். முன்பக்கம் கண்ணாடி போல் மின்னும். முன்னால் அடித்தால் தூரிகைக் கோடு தெரியும், மார்க்கரில் தீட்டினால் பட்டை பட்டையாக இருக்கும். எங்களைக் கேட்டால், சுமாராக ஒளிரும் டிவியைவிட நன்றாகச் செய்த அணைந்த டிவியே மேல்.

இன்னொன்று: நம் வீடுகளில் டிவி தனியாக நிற்பதில்லை. கீழே செட்டாப் பாக்ஸ் (18க்கு 12, உயரம் மூன்றரை மி.மீ.), ரிமோட் (13க்கு 4 மி.மீ.), ஸ்டெபிலைசர், ஒரு பிளக், அவற்றை இணைக்கும் வயர். வயருக்கு நூல் வேண்டாம், பிசிறு தெரியும், கனமில்லாமல் அந்தரத்தில் நிற்கும். மோட்டார் வைண்டிங் கடையில் 26 கேஜ் எனாமல் கம்பி கொஞ்சம் கேளுங்கள். 0.45 மி.மீ. தடிமன், வளைத்த இடத்தில் நிற்கும், மார்க்கரில் கறுப்படிக்கலாம். சுவிட்ச் போர்டுக்கு உங்கள் சுவரில் இருப்பதையே அளந்து 12-ஆல் வகுங்கள்.

கேள்வி: டிவி எரிய வேண்டும் என்று பின்னால் எல்இடி வைத்தேன். நடுவில் மட்டும் பல்பு போல் தெரிகிறது, படம் வெளுத்துவிட்டது. பவர் பேங்கில் போட்டால் சற்று நேரத்தில் தானாக அணைகிறது. – வாசகர், கொழிஞ்சாம்பாறை

மூன்றும் வேறு வேறு கோளாறு.

நடுவில் பல்பு தெரிவது, எல்இடிக்கும் திரைக்கும் இடைவெளி போதாததால். எல்இடி ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரமோ, திரைக்கும் அவ்வளவு தூரம் வேண்டும். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 5 வோல்ட் ஸ்ட்ரிப்பில் அந்த இடைவெளி சுமார் 17 மி.மீ. ஆகவே 17 மி.மீ.க்குக் குறையாத ஆழத்தில் ஒரு பெட்டி தேவை. மெல்லிய டிவிக்குள் அதை அடைக்க முடியாது. சுவரில் திரையளவுக்குத் துளை வெட்டி, பெட்டியைச் சுவருக்குப் பின்னால் வையுங்கள். உள்ளே நான்கு எல்இடி கொண்ட துண்டு இரண்டு வரிசை. பெட்டியின் உட்புறம் மேட் வெள்ளை, வெளிப்புறம் அலுமினிய ஃபாயில் டேப். ஃபாயில் ஸ்ட்ரிப்பின் செம்புப் பட்டைகளைத் தொட்டால் ஷார்ட் ஆகும், அங்கே முதலில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். திரைக்குப் பின் டிரேசிங் பேப்பர் இரண்டு தாள்.

படம் வெளுப்பது, ஓஎச்பி ஷீட்டில் ஒரு முறை அச்சடிக்கும் மை பின்னொளிக்குப் போதாததால். ஒரே படத்தை இரண்டு ஷீட்டில் எடுத்து, மூலை பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். நிறம் திரும்பிவிடும்.

வெளிச்சத்தையும் குறைக்க வேண்டும். எட்டு எல்இடி முழு ஒளியில் எரிந்தால் அது டிவி ஆகாது, கடை விளம்பரப் பெட்டி ஆகிவிடும். ஸ்ட்ரிப்பின் நேர்முனை வயரில் 47 ஓம் ரெசிஸ்டர் (கால் வாட் போதும்) ஒன்றைத் தொடரில் சேருங்கள். சாதாரண ஸ்ட்ரிப்பில் மொத்த மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடும்.

பவர் பேங்க் அணைவது, எல்இடி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால். இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தைப் பார்த்தால், போன் கழற்றப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு பல பவர் பேங்குகள் நின்றுவிடும். பழைய 5 வோல்ட் செல்போன் சார்ஜரில் போடுங்கள், இந்தத் தொல்லை இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கொலுவுக்குச் சுற்றும் சீரியல் செட்டை வெட்டி அதன் எல்இடியைப் பொம்மை வீட்டுக்குள் இழுக்காதீர்கள். மலிவான செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, வரிசையாக நேரே 230 வோல்ட்டில் ஓடுபவை. வெட்டிய முனையைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: சிவப்பு ஸ்டாண்ட்பை விளக்கும் வெள்ளை விளக்கும் ஒரே ரெசிஸ்டரில் கொடுத்தேன். சிவப்பு மட்டும் எரிகிறது. வெள்ளை பழுதா? – பள்ளி மாணவர், கம்பம்

பழுதில்லை, தம்பி. சிவப்பு எல்இடி 2 வோல்ட்டிலேயே எரியத் தொடங்கி, மின்னழுத்தத்தை அங்கேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. வெள்ளைக்கு 3 வோல்ட் வேண்டும், அது கிடைப்பதே இல்லை. ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் கொடுங்கள். 5 வோல்ட்டில் வெள்ளைக்கு 470 ஓம். ஸ்டாண்ட்பை புள்ளிக்கு 4.7 கிலோ ஓம், ஏனென்றால் அது மங்கலாக இருந்தால்தான் அழகு. புள்ளியின் அளவும் முக்கியம். சாதாரண 3 மி.மீ. எல்இடி, நிஜத்தில் 3.6 செ.மீ. விளக்குக்குச் சமம். அதனால் எல்இடியைச் சுவருக்குப் பின் ஒளித்து, 0.25 மி.மீ. ஆப்டிக் ஃபைபர் இழை வழியே ஒளியை மட்டும் கொண்டுவாருங்கள்.

கேள்வி: வைஃபை ரவுட்டரில் விளக்கு மினுக்க வேண்டும். புரோகிராம் எழுதாமல் முடியுமா? – வாசகி, களியக்காவிளை

முடியும். பெட்டி 17க்கு 11, உயரம் இரண்டரை மி.மீ. ஆன்டெனா 15 மி.மீ. நீளம், 1 மி.மீ.க்கும் குறைந்த தடிமன், குண்டூசியின் தலையை நறுக்கிக் கறுப்படித்தால் போதும். முன்பக்கம் சூடான ஊசியால் மூன்று துளை, ஒவ்வொன்றிலும் ஒரு ஃபைபர் இழை. இரண்டு இழையைச் சுவருக்குப் பின்னால் ஒரு பச்சை எல்இடியோடு சேர்த்துக் கறுப்பு ஸ்லீவில் இறுக்குங்கள். இவை அசையாமல் எரியும் பவர், பான் (ஃபைபர் இணைப்பு) விளக்குகள். மூன்றாவது இழை, தீபாவளி சமயத்தில் கிடைக்கும் பிளாஸ்டிக் மெழுகுவத்தி விளக்குக்குப் போகட்டும். அதைப் பிரிக்க வேண்டாம், சுடர் மூடியில் துளையிட்டு இழையைச் செருகினால் போதும். அது தானே தடுமாறி எரிவதால், மஞ்சளாக மினுக்கும் லேன் விளக்கு போலவே இருக்கும். சிவப்பு மட்டும் மினுக்க வேண்டாம். ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு அது சிக்னல் அறுந்ததைக் காட்டும் எல்ஓஎஸ் விளக்கு.

இழையை ஃபெவிக்விக் போன்ற பசையால் ஒட்டினால் விரிசல் விட்டு உடையும். ஃபெவிகால் ஒரு சொட்டு வைத்து இரவு முழுக்கக் காயவிடுங்கள். வெட்டுவதற்குப் புது பிளேடு எடுங்கள். கட்டிங் பிளேயர் முனையை நசுக்கிவிடும், ஒளி மங்கும்.

அந்த மெழுகுவத்தி விளக்கின் பொத்தான் பேட்டரி மூடியை டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். கொலுவுக்குக் குழந்தைகள் வருவார்கள். பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கேள்வி: செல்போனும் லேப்டாப்பும் எதில் செய்வது? பசை பட்டதும் பிரின்ட் கலைந்துவிடுகிறது. – வாசகி, நகரி

காலாவதியான ஏடிஎம் கார்டில் செய்யுங்கள். கார்டின் தடிமன் 0.76 மி.மீ., அதாவது நிஜத்தில் 9 மி.மீ. கவர் போட்ட போனின் தடிமன் ஏறக்குறைய அதேதான். போனுக்கு 13க்கு 6 மி.மீ. துண்டு வெட்டி, மூலைகளை நெயில் ஃபைலால் இரண்டே இழுப்பு. லேப்டாப்புக்கு 30க்கு 20 மி.மீ. அளவில் மூடிக்கு ஒரு தகடு, அடிப்பாகத்துக்கு இரண்டு. பின்னால் கறுப்பு இன்சுலேஷன் டேப்பே கீல். செங்குத்தாக நிறுத்தாமல் சற்றுப் பின்னால் சாய்த்துத் திறந்து வையுங்கள். கீபோர்டில் எழுத்து வேண்டாம். ஒரு பட்டன் இடம் 1.6 மி.மீ.தான், எழுத்துப் போட்டால் அழுக்காகத்தான் தெரியும். கரும்சாம்பலில் கட்டங்கள் மட்டும் போதும். சுத்தக் கறுப்புக் கோடு இந்த அளவில் கார்ட்டூன் போல் ஆக்கிவிடும்.

பிரின்ட் கலைவது மையைப் பொறுத்தது. வீட்டு இங்க்ஜெட் மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும், அதில் ஃபெவிகால் பட்டால் பரவும். லேசர் பிரின்ட் தண்ணீருக்கு அசையாது, நெயில் பாலிஷ் பட்டால் கரையும். இரண்டுக்கும் பொதுவான வழி: ஒட்ட டபுள் சைடு டேப், மேலே பளபளப்புக்குத் தெளிவான செல்லோ டேப். ஃபெவிக்விக்கைத் திரைக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி படிந்து தெளிவான பிளாஸ்டிக் வெள்ளையாகப் பூத்துவிடும். எல்இடி, ரெசிஸ்டர், ஃபைபர் வாங்க உங்களுக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்தான் வசதி.

கேள்வி: ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினை அட்டையில் செய்தேன். சாரல் காலத்தில் வளைந்துவிட்டது. – வாசகர், தென்காசி

அட்டை ஈரம் குடிக்கும், உங்கள் ஊர்ச் சாரலில் அது நிற்காது. ஃப்ளெக்ஸ் போர்டு கடைகளில் மிச்சமாகக் கிடக்கும் 3 மி.மீ. சன்போர்டு துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். ஏசி உள் யூனிட் 80க்கு 25, ஆழம் 19 மி.மீ. டாப் லோடு வாஷிங் மெஷின் 45க்கு 45, உயரம் 77. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் 45க்கு 54, உயரம் 100. சன்போர்டில் ஃபெவிகால் பிடிக்காது, இங்கே ஃபெவிக்விக் சரி. வெட்டிய விளிம்பில் நுண்துளை தெரியும். பட்டி பூசி 400, பிறகு 800 நம்பர் உப்புத்தாளில் தேய்த்த பின்பே பெயின்ட். தெர்மகோல் மேல் மட்டும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், கரைந்து குழியாகும்.

எல்லாவற்றுக்கும் ஒரே பளபளப்பு கொடுத்தால் எல்லாம் பொம்மையாகிவிடும். ஃபிரிட்ஜ் நல்ல பளபளப்பு, ஏசி அரைப் பளபளப்பு, ரவுட்டரும் செட்டாப் பாக்ஸும் மேட். ஏசியின் காற்று வரும் தகட்டை வரையாமல், பிளேடின் முதுகால் கோடு கீறி, சாம்பல் நிறப் பென்சிலால் ஒருமுறை ஓட்டுங்கள். ஃபிரிட்ஜ் மேல் பூப்போட்ட கவர் ஒன்று போட்டால் நம் வீட்டு ஃபிரிட்ஜாகவே ஆகிவிடும்.

கேள்வி: கொலு முடிந்ததும் எப்படி எடுத்துவைப்பது? – வாசகி, தேவிகுளம்

பேட்டரிகளை எல்லாம் முதலில் கழற்றுங்கள், அடுத்த ஆண்டுவரை கிடந்தால் கசிந்து கம்பியை அரிக்கும். கிளாஸி பிரின்ட்டும் பிளாஸ்டிக் திரையும் மலைக்குளிரின் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். ஃபைபர் இழைகளை மடிக்காமல் உள்ளங்கை அகலத்துக்கு வளையமாகச் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றோடு போட்டு வைக்கலாம்.