கறுப்பு என்றால் கடுமையா? – பீர் பற்றி வாசகர் கேள்விகள்

பதில் சொல்பவர்: பீர் ஆலை ஒன்றின் தரச் சோதனைக் கூடத்தில், சுவை பார்க்கும் குழுவில் நெடுங்காலம் வேலை பார்த்தவர்.

கேள்வி: 26 வயதாகிறது. நண்பர்களோடு சில தடவை பீர் குடித்திருக்கிறேன். பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எதைக் குடித்தாலும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. லாகர், ஏல், ஸ்டவுட் என்று பெயர்கள் மட்டும் ஏராளம். முறையாகத் தெரிந்துகொள்ள ஆசை. எதில் ஆரம்பித்து எந்த வரிசையில் போகலாம்? ஒரு பட்டியல் கொடுங்களேன்.

பதில்: பட்டியல் வேண்டாம், ஜோடி ஜோடியாகப் போங்கள். ஒரு பீரைத் தனியாகக் குடித்தால் நாக்குக்கு ஒப்பிட ஒன்றும் இருக்காது. 'பீர் போல இருக்கிறது' என்பதோடு நின்றுவிடும். இரண்டை அருகருகே வைத்து, இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் என்று மாற்றிக் குடித்தால் வித்தியாசம் தானாகப் பிடிபடும். எங்கள் சோதனைக் கூடத்திலும் இதே வழிதான். மூன்று குவளை வைப்பார்கள். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மட்டும் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக அறையில் சிவப்பு விளக்கு எரியும். புதிதாக வந்தவர்களும் பழகப் பழகச் சரியாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இதற்கென்று தனி நாக்கோடு யாரும் பிறப்பதில்லை.

முதல் ஜோடியாக இரண்டு கோதுமை பீர்: ஜெர்மனியின் பவேரியா பாணி ஹெஃபெவைசென் ஒன்று, பெல்ஜியம் பாணி விட்பியர் ஒன்று. இரண்டும் வெளுப்பாக, கலங்கலாக இருக்கும். கசப்பு மிகக் குறைவு. ஹெஃபெவைசெனைக் குடிக்கும் முன் மோந்து பாருங்கள். வாழைப்பழ வாசனை, கூடவே கிராம்பு. ஆனால் அதில் பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை. நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கிய வாசனைகள் அவை. பழுத்த வாழைப்பழத்துக்கு மணம் தருகிற ஐசோஅமைல் அசிடேட் என்ற அதே பொருளை அந்த வகை ஈஸ்டும் உண்டாக்குகிறது. இப்போது விட்பியருக்கு வாருங்கள். அதில் கொத்தமல்லி விதையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் உண்மையாகவே சேர்த்துக் காய்ச்சியிருப்பார்கள். ஒன்றில் மசாலா வாசனை ஈஸ்ட் கொடுத்தது, மற்றதில் ஆள் போட்டது. ஈஸ்ட் என்ன வேலை செய்கிறது என்பதை இந்த ஒரு ஜோடியே உங்களுக்குச் சொல்லிவிடும். (விட்பியர் ஒரு கட்டத்தில் அதன் சொந்த ஊரான ஹூகார்டனிலேயே காய்ச்ச ஆளில்லாமல் போயிருந்தது. பால் விற்றுக்கொண்டிருந்த பீட்டர் செலிஸ் என்பவர் 1960-களின் நடுவில் அதை மறுபடி காய்ச்சத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க அது கிடைப்பதற்கு அவர்தான் காரணம். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.)

இரண்டாவது ஜோடி, லாகர் வகையில், அதாவது குளிரில் மெதுவாக நொதிக்கவிட்ட பீரில், இரண்டு: ம்யூனிக் பாணி ஹெல்லஸ், செக் பாணி பில்ஸ்னர். கண்ணுக்கு இரண்டும் தெளிந்த பொன்னிறம். போதைச் சத்தும் ஏறத்தாழ ஒன்றுதான், 5 சதவீதத்தை ஒட்டி. ஆனால் கசப்பு அளவு (ஐபியு என்ற அலகில்) ஹெல்லஸில் சுமார் 20 என்றால், நல்ல செக் பில்ஸ்னரில் 40-ஐத் தொடும். ஹெல்லஸில் முன்னால் நிற்பது மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. வாயில் ரொட்டி போல லேசான இனிப்பு தெரியும். பில்ஸ்னரில் முன்னால் நிற்பது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. விழுங்கிய பிறகு நாக்கின் பின்பக்கத்தில் கசப்பு எழுந்து வரும். கூடவே பச்சிலை போல ஒரு மணம். 1842-இல், இன்றைய செக் நாட்டில் உள்ள பொஹீமியாவின் பில்சென் நகரில் யோசெப் குரோல் என்ற பவேரியக்காரர் இதை முதன்முதலாகக் காய்ச்சியபோது, கருத்த பீருக்குப் பழகியிருந்தவர்களுக்கு இந்தப் பொன்னிறமே புதுமை. வெளிறிய மால்ட், அந்த ஊரின் உப்புச் சத்துக் குறைந்த தண்ணீர், பக்கத்திலேயே விளைந்த ஸாட்ஸ் ஹாப்ஸ் மூன்றும் சேர்ந்து வந்தது அது. ம்யூனிக் ஆலைகள் அதற்குப் போட்டியாகப் பொன்னிற ஹெல்லஸைக் கொண்டுவந்தது 1894-இல்.

ஒவ்வொன்றிலும் 100 மில்லி போதும். மீதியை நண்பரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். நடுவில் தண்ணீர் குடியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஜோடிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் நாக்கு சொல்வதை நம்ப முடியாது. மூன்றாவது ஜோடியை அடுத்த வாசகருக்கான பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: ஸ்டவுட் குடிக்க ஆசை, ஆனால் கறுப்பாக இருப்பதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. போதை அதிகம் ஏறுமா?

பதில்: நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை. கறுப்பு என்றாலே எல்லோர் மனதிலும் வருகிற கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். பெல்ஜியத்தில் துறவிகளின் மடத்தில் காய்ச்சப்படும் வெஸ்ட்மல்லே டிரிப்பல் தங்கம்போல வெளுத்திருக்கும், அதில் 9.5 சதவீதம்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது என்றால், கருக வறுத்த பார்லியிலிருந்து. 1817-இல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை உருளையில் போட்டுச் சுழற்றிச் சுழற்றி வறுக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு கொஞ்சம் வறுத்த தானியம் சேர்த்தாலே மொத்த பீரும் கறுத்துவிடும் என்றாயிற்று. மற்ற தானியத்தில் பெரும்பகுதி வழக்கமான வெளிர் மால்ட்தான். ஆகவே ஸ்டவுட்டில் நீங்கள் உணரப்போவது காப்பிக்கொட்டை வறுத்த வாசனை, ஒரு வறண்ட கசப்பு, நைட்ரஜன் வாயு சேர்த்த வகையாக இருந்தால் கிரீம் போன்ற நுரை. ஒரு ஸ்டவுட்டையும் ஒரு டிரிப்பலையும் அருகருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துப் பாருங்கள். எது கனமானது என்று உங்கள் நாக்கே சொல்லும். இந்த ஜோடியில் மட்டும் டிரிப்பலை 50 மில்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

'இம்பீரியல் ஸ்டவுட்' என்று எழுதியிருந்தால் அது வேறு கணக்கு. பெரும்பாலும் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கும். நிறத்தைப் பார்க்காதீர்கள், லேபிளில் எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: பாட்டிலோடு குடிப்பதா, குவளையில் ஊற்றிக் குடிப்பதா?

பதில்: ஊற்றித்தான். சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு வாசனை. பாட்டிலின் வாய்க்கும் மூக்குக்கும் தொடர்பே இல்லை.

குவளையைச் சாய்த்துப் பிடித்து ஊற்ற ஆரம்பித்து, பாதி நிறைந்ததும் நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நிற்கட்டும். நுரையை ஏமாற்று என்று நினைப்பவர்கள் நிறைய. நுரை குமிழி உடைய உடையத்தான் வாசனை மேலே வருகிறது. மால்ட்டின் புரதமும் ஹாப்ஸின் கசப்புப் பொருளும் சேர்ந்து அந்த நுரையைத் தாங்குகின்றன. சுத்தமான குவளையில், ஒவ்வொரு வாய் குடித்த பிறகும் உள்சுவரில் நுரை ஒரு வளையமாக ஒட்டி நிற்கும். குடித்து முடித்ததும் எத்தனை வாயில் குடித்தீர்கள் என்று எண்ணிவிடலாம். நுரை ஒரே நிமிடத்தில் அடங்கி, குமிழிகள் சுவரில் கொப்புளம்போல ஒட்டிக்கொண்டிருந்தால் பீரைக் குறை சொல்லாதீர்கள். குவளையில் எண்ணெய்ப் பசையோ சோப்போ மிச்சம் இருக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன்: பல் கூசுகிற குளிரில் குடிக்காதீர்கள். அந்தக் குளிரில் வாசனை எழும்பாது. லாகருக்கு 4 முதல் 7 டிகிரி, ஏல் வகைகளுக்கு (கோதுமை பீர், ஸ்டவுட், டிரிப்பல் எல்லாம் ஏல்தான்) 8 முதல் 12 டிகிரி சரியாக இருக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஏலைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுக் குடியுங்கள். முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் எவ்வளவு மாறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: பச்சை பாட்டிலில் வாங்கிய ஒரு பீர் சகிக்க முடியாத நாற்றம். காலாவதியாகவும் இல்லை. அந்த பீரே அப்படியா?

பதில்: வெளிச்சம் பட்டிருக்கிறது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து, பீரில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து அந்த நாற்றப் பொருளாகிறது. அது துளியினும் துளி இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்பு பாட்டில் அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுக்கும். பச்சை பாட்டில் கொஞ்சம்தான் தடுக்கும், வெள்ளை பாட்டிலில் பாதுகாப்பே இல்லை. கேனுக்குள் வெளிச்சமே போகாது.

சந்தேகமிருந்தால் நீங்களே செய்து பாருங்கள். ஒரே கேனிலிருந்து பில்ஸ்னரை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுங்கள். ஒன்றை நேர் வெயிலில் பத்து நிமிடம் வையுங்கள், மற்றதை அலமாரிக்குள். பிறகு இரண்டையும் மோந்து பாருங்கள். எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது முதலில் காட்டும் பாடங்களில் இது ஒன்று. ஒருமுறை மோந்தவர் வாழ்நாளில் மறக்கமாட்டார்.

கேள்வி: ஐபிஏ நன்றாக இருக்கும் என்று நண்பர் வற்புறுத்தினார். முதல் வாயிலேயே கசப்பு தலைக்கேறியது. இதை எப்படி ரசிக்கிறார்கள்?

பதில்: நண்பர் உங்களைக் கடைசிப் படியில் ஏற்றிவிட்டார். ஹாப்ஸ் இரண்டு வேலை செய்யும். ஆரம்பத்தில் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும். அடுப்பு அணைந்த பிறகோ, நொதிக்கும் தொட்டியிலோ போட்டால் கசப்பு அதிகம் இறங்காமல் வாசனை மட்டும் ஏறும். ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், இரண்டையும் தாராளமாகச் செய்த பீர். அமெரிக்காவில் 1972-இல் காஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் வெளியானது. பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசனை அதில் உண்டு. 1980-இல் கலிபோர்னியாவின் சியரா நெவாடா ஆலை அதை வைத்து ஒரு பேல் ஏல் காய்ச்சியது. நீங்களும் அந்தப் பேல் ஏல் வகையிலிருந்து தொடங்குங்கள். அது பழகியதும் கலங்கலான நியூ இங்கிலாந்து ஐபிஏ. பழச்சாறு போல மணக்கும், கசப்பு மட்டுப்பட்டிருக்கும். பிறகு பழைய பாணி ஐபிஏவுக்குத் திரும்பி வாருங்கள். அன்றைக்கு வேறு பீரும் குடிப்பதாக இருந்தால் ஐபிஏ கடைசியில்தான் வரவேண்டும். அதன் கசப்பு நாக்கைவிட்டுப் போக நேரமாகும்.

அப்போதும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். ஐபிஏ பிடிக்காதவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள்.

கேள்வி: குடியால் எத்தனை குடும்பங்கள் அழிகின்றன என்பது உங்களுக்குத் தெரியாதா? ரசித்துக் குடிக்கச் சொல்லித்தர ஒரு பத்தி தேவையா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆல்கஹாலில் இவ்வளவு வரை பாதுகாப்பானது என்று ஓர் அளவு கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. குடிக்காதவர் தொடங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. சட்டம் அனுமதிக்கும் வயதை எட்டாதவர்கள், கர்ப்பிணிகள், மருந்து எடுப்பவர்கள், வண்டி ஓட்டப் போகிறவர்கள், குடியை நிறுத்த முடியாமல் தவித்தவர்கள் யாருக்கும் இந்தப் பத்தி இல்லை.

குடிப்பது என்று முடிவெடுத்துவிட்ட ஒருவர் எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்கட்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். ஒரு கணக்கைப் பாருங்கள். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 500 மில்லியில் 40 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 40 சதவீத விஸ்கி 30 மில்லியில் 12 மில்லி. அதாவது 'பீர்தானே' என்று ஒருவர் குடித்து வைக்கிற அந்த ஒரு கேன், மூன்று பெக்குக்கு மேல். நான் மேலே சொன்ன லாகர் ஜோடியில் 100 மில்லி வீதம் குடித்தால் மொத்தமே 10 மில்லிதான்.

கேள்வி: புளிக்கிற பீர் கெட்டுப்போனதுதானே?

பதில்: லேபிளில் லாம்பிக், கூஸ், சவர் என்று இருந்தால் புளிப்பு வேண்டுமென்றே வந்தது. பிரஸ்ஸல்ஸைச் சுற்றிய பகுதியில் லாம்பிக் காய்ச்சுபவர்கள் ஈஸ்ட் போடுவதே இல்லை. குளிர்கால இரவில், கொதித்த மால்ட் சாற்றை ஆழமில்லாத அகன்ற தொட்டியில் திறந்து வைப்பார்கள். காற்றிலும் மரப்பீப்பாயிலும் வாழும் ஈஸ்டும் பாக்டீரியாவும் அதில் இறங்கி, வருடக்கணக்கில் வேலை செய்யும். ஒரு வருட, இரண்டு வருட, மூன்று வருடப் பீப்பாய்களைக் கலந்தால் கூஸ். புளிப்புச் செர்ரி ஊறவைத்தால் கிரீக். முதலில் கிரீக் குடித்துப் பாருங்கள், கூஸ் பிறகு. சாதாரண லாகர் புளித்தால் மட்டும் கீழே கொட்டிவிடுங்கள்.

கேள்வி: மருத்துவர் ஆல்கஹாலைக் குறைக்கச் சொல்லிவிட்டார். ஆல்கஹால் நீக்கிய பீரில் இந்த ருசியெல்லாம் கிடைக்குமா?

பதில்: முக்கால்வாசி கிடைக்கும். முதலில் லேபிளைப் பாருங்கள்: பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை இருந்தாலும் 'ஆல்கஹால் இல்லாதது' என்றே விற்கலாம். உங்களுக்குத் துளியும் கூடாது என்றால் 0.0 என்று இருப்பதை, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். இழப்பு எங்கே தெரியும் என்றால் வாய் நிறைவில். சிலவற்றில் நொதிக்காத மால்ட் சாற்றின் இனிப்பும் தூக்கலாக இருக்கும். கோதுமை பீரில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. ஹாப்ஸ் வாசனை நிறைந்த பேல் ஏலும் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. லாகரில்தான் ஏமாற்றம் அதிகம். கேனின் அடியில் அச்சிட்ட தேதியைப் பார்த்து, புதிதாக வந்ததையே எடுங்கள். ஹாப்ஸ் வாசனை சில மாதங்களில் மங்கிவிடும்.