காய்ச்சல் விட்டது, டெங்கு டெஸ்ட் நெகட்டிவ்: நிம்மதியாக இருக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 12. நான்கு நாளாகக் கடும் காய்ச்சல், உடம்பு வலி. இரண்டாம் நாள் எடுத்த என்எஸ்1 கார்டு டெஸ்ட் நெகட்டிவ். இன்று காலை காய்ச்சல் விட்டது. ஆனாலும் சோர்ந்து படுத்தே கிடக்கிறாள், வயிறு வலிக்கிறது என்கிறாள், இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பிளேட்லெட் 1.10 லட்சம். டெங்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைப் படித்த கையோடு, உள்நோயாளியாகச் சேர்க்க வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மீதியை அங்கே போய்ப் படிக்கலாம்.

டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் சிலருக்கு, நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும். குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் அடர்த்தியாகும். வயிற்றுவலி, அடங்காத வாந்தி, அசதி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் எல்லாமே எச்சரிக்கை அறிகுறிகள். கை கால் சில்லிட்டாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

சரி, டெஸ்ட் ஏன் நெகட்டிவ்? என்எஸ்1 என்பது வைரஸ் வெளியிடும் புரதம். முதல் ஐந்து நாட்களில் ரத்தத்தில் தெரியும். ஆனால் கார்டு டெஸ்ட், ஆய்வகத்தில் செய்யும் எலிசா டெஸ்ட் அளவுக்கு நுட்பமானதில்லை. முன்பே ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு என்எஸ்1 சிக்காமல் போகும் வாய்ப்பு இன்னும் கூடுதல். டெங்கு வைரஸில் 4 வகை இருப்பதால் மறுபடியும் வரும். அப்படி இரண்டாம் முறை வரும்போதுதான் தீவிரமாகும் வாய்ப்பும் அதிகம். இப்போது என்எஸ்1 எலிசாவோடு ஐஜிஎம் எலிசாவும் எடுக்கச் சொல்வார்கள். ஐஜிஎம் என்பது வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம். அது தெரிய ஐந்தாம் நாள் ஆகலாம். ரிசல்ட் வரும்வரை சிகிச்சை காத்திருக்காது. எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சலிலும் பிளேட்லெட் குறையும் என்பதால் அவற்றையும் பார்ப்பார்கள். அக்குளிலோ தொடை இடுக்கிலோ கறுத்த பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். உண்ணிக் காய்ச்சலின் முக்கியமான தடயம் அது.

வீட்டில் எல்லோர் கவனமும் பிளேட்லெட் எண்ணிக்கையிலேயே இருக்கிறது. நான் முதலில் பார்ப்பது அதே ரிப்போர்ட்டில் இருக்கும் பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு. 36 இருந்தது 43ஐத் தாண்டினால், அதாவது சுமார் 20 சதவீதம் ஏறினால், நீர் கசிகிறது என்று பொருள். பிரஷரையும் கவனியுங்கள். 100/80 என்றால் நார்மல் போலத் தோன்றும். ஆனால் மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் இடைவெளி 20தான். டெங்கு பிள்ளைகளில் அது ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் ஆபத்து நிலை, தொடங்கிவிட்டதைக் காட்டும். இந்த நேரத்தில் காப்பாற்றுவது அளவறிந்து ஏற்றும் டிரிப்ஸ். ரத்தக்கசிவு இல்லாத பிள்ளைக்கு 1.10 லட்சத்தில் பிளேட்லெட் ஏற்றத் தேவையே இல்லை. பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம் என்று வீட்டில் நேரத்தைக் கடத்துவதுதான் எனக்குப் பயம் தருகிறது.

மறுபடி காய்ச்சல் வந்தால் எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும். புரூஃபன், டைக்லோஃபினாக், ஆஸ்பிரின் வேண்டாம்; ரத்தக்கசிவைக் கூட்டும்.

கிளம்பும்போது காய்ச்சல் தொடங்கிய தேதி, கடைசியாகச் சிறுநீர் போன நேரம், கொடுத்த மாத்திரைகள் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ரத்த ரிப்போர்ட்டுகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். பிசிவி ஏறியிருக்கிறதா என்பதை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.