கணினி அறிவியல் ஆய்வும் நெறியாளரும்: கேள்வி பதில்

பிஎச்.டி.க்கு இரண்டு பேராசிரியர்கள் இடம் தருகிறார்கள். ஒருவருக்கு மேற்கோள்கள் (பிறர் கட்டுரைகள் அவர் ஆய்வைச் சுட்டுபவை) மிக அதிகம், இன்னொருவர் வேலைக்குச் சேர்ந்தே இரண்டு ஆண்டுதான் ஆகிறது. யாரிடம் சேருவது?

மேற்கோள் எண்ணிக்கையை ஓரமாக வையுங்கள். அவர் எப்படிப்பட்ட ஆய்வாளர் என்று அது காட்டும். எப்படிப்பட்ட நெறியாளர் என்று காட்டாது. இரண்டு குழுக்களிலும் மூன்றாம் ஆண்டைத் தாண்டிய ஒரு மாணவரிடமாவது தனியாகப் பேசுங்கள். பேராசிரியர் மாதத்தில் எத்தனை முறை சந்திக்கிறார்? வரைவு அனுப்பினால் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார்? முடித்துப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்குப் பதில் வருமுன் மாணவர் எவ்வளவு தயங்குகிறார் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து கட்டுரைப் பட்டியல். சிஸ்டம்ஸ், மெஷின் லேர்னிங் போன்ற பிரிவுகளில் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் பெயர் முதலிலும் நெறியாளர் பெயர் கடைசியிலும் வருவது வழக்கம். முதல் இடத்தில் வெவ்வேறு மாணவர்கள் மாறி மாறி வந்தால் நல்ல அறிகுறி. கோட்பாட்டுப் பிரிவில் இந்தக் கணக்கு எடுபடாது. அங்கே பெரும்பாலும் அகரவரிசைதான்.

நல்ல நெறியாளருக்கு ஓர் உதாரணம்: கணினி அறிவியலாளர் மானுவேல் புளூம் 1995-ல், அத்துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது பெற்றவர். அவரிடம் படித்த லெனார்ட் ஏடில்மனுக்கு 2002-லும், ஷஃபி கோல்ட்வாசருக்கும் சில்வியோ மிக்காலிக்கும் 2012-லும் அதே விருது கிடைத்தது. ஏடில்மன் பின்னால் டிஎன்ஏ மூலக்கூறுகளை வைத்தே கணக்கிடும் வேறு துறைக்குப் போனார். குருவின் தலைப்பையே இன்னும் நாலு கட்டுரைக்கு இழுக்கும் குழுவில் இப்படி நடக்காது.

புதியவரிடம் உங்களுக்கு நேரம் நிறையக் கிடைக்கும், வரைவை வரிவரியாகத் திருத்துவார். ஆனால் அவர் வேலையே இன்னும் நிரந்தரமாகியிருக்காது. "நீங்கள் வேறு இடத்துக்குப் போனால் என் நிலை என்ன?" என்று சேருமுன்பே கேட்டுவிடுங்கள். தவறாக நினைக்க மாட்டார்; நினைத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

நெறியாளருடனான வாராந்தரச் சந்திப்பில் "இந்த வாரம் எதுவும் நகரவில்லை" என்று சொன்னதும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

முந்தைய நாளே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். என்ன எதிர்பார்த்தேன், என்ன செய்தேன், என்ன வந்தது, எங்கே நிற்கிறேன், உங்களிடம் எந்த முடிவு வேண்டும். இந்த ஐந்துக்கு மேல் வேண்டாம். ஐந்தாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் சந்திப்பு செய்தி வாசிப்பாகிவிடும்.

வரைபடம் கொண்டுபோனால் இரண்டு அச்சுகளிலும் பெயரும் அலகும் இருக்கட்டும். எத்தனை முறை ஓட்டினீர்கள், முடிவுகள் எவ்வளவு சிதறின என்பதும் அதிலேயே தெரியட்டும். ஒரே முறை ஓட்டி வந்த 2 சதவீத முன்னேற்றத்தை வைத்து விவாதிப்பது வீண். ரேண்டம் சீடை (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்ணை) மாற்றினாலே அது மறைந்துவிடலாம்.

சோதனை தோற்றிருந்தால் "வேலை செய்யவில்லை" என்று நிறுத்தாதீர்கள். எந்த மிகச் சிறிய உள்ளீட்டில் தோற்கிறது என்று கண்டுபிடித்து எடுத்துப் போங்கள். பத்து லட்சம் வரித் தரவைப் பார்த்து யாராலும் யோசனை சொல்ல முடியாது, ஐந்து வரியைப் பார்த்துச் சொல்லலாம். சுருக்கும்போதே பாதிப் பிழைகள் தாமாக வெளிப்பட்டுவிடும்.

முடிந்த அன்றே, எடுத்த முடிவுகளை நான்கு வரியில் மின்னஞ்சலாக அனுப்புங்கள். ஆறு வாரம் கழித்து "இதை நான் சொல்லவே இல்லையே" என்பார், பொய்யல்ல, மறதி. பத்துப் பேரை வழிநடத்துபவருக்கு உங்கள் ஆய்வு பத்தில் ஒன்று.

கட்டுரைகளைப் படித்து முடிக்கவே முடியவில்லை.

எல்லாவற்றையும் முழுதாகப் படிக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் சுருக்கம், முன்னுரை, படங்கள், முடிவுரை. முக்கால்வாசியை அங்கேயே விடலாம். மிச்சத்துக்கு ஒரு மணி நேரம். உங்கள் ஆய்வு எதன் மேல் நிற்கிறதோ அந்த நாலைந்தை மட்டும் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து, நிரூபணத்தையோ நிரலையோ நீங்களே திரும்பச் செய்து பாருங்கள்.

மாநாட்டிலிருந்து மூன்று மதிப்புரைகள் வந்தன, ஒன்று மிகக் கடுமை. அவற்றுக்குப் பதிலாக மறுப்புரை எழுத ஒரு வாரம் இருக்கிறது.

முதல் நாள் எதுவும் எழுதாதீர்கள். இரண்டாம் நாள் ஒவ்வொரு குறையையும் தனி வரியில் எடுத்தெழுதி, 'உண்மைத் தவறு', 'புரியாமை', 'நியாயமான குறை' என்று பிரியுங்கள். புரியாமை என்று நினைத்ததில் பெரும்பகுதி உங்கள் எழுத்தின் குறைதான். கடுமையாக எழுதியவரை மாற்றுவது அரிது. உங்கள் பக்கம் சாய்ந்திருப்பவர் மதிப்புரையாளர்களின் கலந்துரையாடலில் வாதாடப் பயன்படும் எண்களையும் வாக்கியங்களையும் கொடுப்பதே மறுப்புரையின் வேலை.

நிராகரிப்புக்கு அடிக்கடி வழிவகுப்பது பேஸ்லைன், அதாவது உங்கள் முறையோடு ஒப்பிட எடுக்கும் முறை. தன் முறையை மாதக்கணக்கில் சீர்செய்துவிட்டு, ஒப்பிடும் முறையை இயல்பு அமைப்புகளிலேயே ஓட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் சிறந்த அமைப்புகளைத் தேட ஒரே அளவு முயற்சி, ஒரே வன்பொருள் கொடுத்து, அதைக் கட்டுரையிலும் சொல்லுங்கள்.

புதிதாக உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். முதல் ஆண்டில் எத்தனை மாணவர்களை எடுக்கலாம்?

ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். ஒரு மாணவர் என்றால் நான்கிலிருந்து ஆறு ஆண்டு நேரமும் பணமும். கையில் இருக்கும் நிதி எத்தனை மாதம் வரும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஐந்து பேரை ஒரே ஆண்டில் சேர்த்தால் ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் முதல் தலைப்பு தேட வேண்டியிருக்கும். அந்தக் கட்டத்தில்தான் நெறியாளரின் நேரம் அதிகம் செலவாகும்.

முதல் தலைப்பு சிறியதாக இருக்கட்டும்: ஆறு மாதத்தில் பலனோ தோல்வியோ தெரிந்துவிட வேண்டும். அதை நீங்கள் கொடுங்கள். இரண்டாவதைச் சேர்ந்து தேடுங்கள். மூன்றாவதை மாணவர் கொண்டுவர வேண்டும். கடைசி ஆண்டிலும் நீங்களே தலைப்பு கொடுத்துக்கொண்டிருந்தால் எங்கோ வழி தவறியிருக்கிறது.

கற்பிப்பதில், ஒரே பாடத்தை மூன்று முறையாவது தொடர்ந்து எடுக்கக் கேளுங்கள். தயாரிப்பு நேரம் இரண்டாம் முறையிலேயே பாதியாகக் குறையும். மாணவர்களின் நிரல்களைத் தானாக ஓட்டி மதிப்பிடும் ஆட்டோகிரேடர் வைத்தால் நேர வரம்பு கட்டாயம். ஒருவரின் முடிவில்லாச் சுழற்சி மொத்த வரிசையையும் நிறுத்திவிடும். தசம எண்களைச் சமமா என்று நேரடியாக ஒப்பிடாமல் சிறு வித்தியாசத்தை அனுமதியுங்கள்.

மாணவர் முடித்துப் போனதும் அவருடைய நிரல் ஓடுவதே இல்லை.

போகும்போது கேட்டால் தாமதம். ஒவ்வொரு கட்டுரையையும் அனுப்புவதற்கு முந்தைய வாரம், குழுவில் வேறொருவர் புதிய கணினியில் நிரலை இறக்கி, ஒரே கட்டளையில் எல்லாப் படங்களையும் உருவாக்க முடிகிறதா என்று பார்க்கட்டும். உடையும் இடங்கள் தெரிந்தவைதான்: மாணவரின் மடிக்கணினியில் உள்ள கோப்புப் பாதை நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும், நிரல் நூலகங்களின் பதிப்பு எண் குறிக்கப்பட்டிருக்காது, தரவில் பத்து வரியைக் கையால் நீக்கிய விவரம் எங்கும் இருக்காது. மூலத் தரவையும் ஓட்டப் பதிவுகளையும் குழுவின் சேமிப்பகத்தில் வையுங்கள், மாணவரின் தனிக்கணக்கில் அல்ல.

பரிந்துரைக் கடிதம் எப்போது கேட்பது?

கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்னால். "வலுவான கடிதம் எழுத முடியுமா?" என்றே கேளுங்கள், தயங்கினால் வேறொருவரிடம் போகலாம். இடங்களும் கடைசித் தேதிகளும் ஒரே பட்டியலில் இருக்கட்டும். கூடவே, அவரோடு செய்த வேலைகளை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பிழையைக் கண்டுபிடித்தீர்கள், எந்த யோசனை உங்களுடையது. 'கடின உழைப்பாளி' என்று மட்டும் சொல்லும் கடிதம் தேர்வுக்குழுவில் எதிராகவே வாசிக்கப்படும்.

நெறியாளரை மாற்ற நினைக்கிறேன்.

புதியவரின் சம்மதம் கிடைக்கும்வரை பழையவரிடம் அறிவிக்காதீர்கள். துறையின் ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் விதிகளையும் நிதி எந்த மாதம் நிற்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். புதியவரிடம் பழையவரைக் குறை சொல்ல வேண்டாம். "என் ஆர்வம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது" போதும். பாதியில் நிற்கும் கட்டுரையை யார் முடிப்பது, பெயர் வரிசை என்ன என்பதை மூவரும் இருக்கும் மின்னஞ்சலில் எழுதி, கிளம்புமுன் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.