தப்பால் பையை யார் பிரிப்பது?

வாசகர் கேள்விகளுக்கு, ஹட்டனில் வசிக்கும் ஓய்வுபெற்ற உப தபாலதிபர் அம்மா தரும் பதில்கள்

கேள்வி: அம்மா, எனக்கு 29 வயது. பள்ளிக்கூட நாளில் நெட் கஃபேயில் அரை மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்துத் தேடினால் தேவையானது கிடைத்தது. இப்போது போன் கையிலேயே இருக்கிறது. கத்தரிச் செடியில் பூச்சி என்று தேடினால்கூட முதலில் விளம்பரம், பிறகு ஒரே விஷயத்தைப் பத்து இடத்தில் திருப்பித் திருப்பி எழுதிய குப்பை. இன்டர்நெட் கெட்டுவிட்டதா, எனக்கு வயதாகிவிட்டதா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: 29ஐ வயது என்றால் என்னை என்னவென்பீர்கள், தம்பி? கெட்டது இன்டர்நெட்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்கென்று தனி விலாசம் கிடையாது. பேர், தோட்டம், டிவிசன், அவ்வளவுதான். நாங்கள் கடிதங்களைப் பையில் கட்டித் தோட்டத்துத் தப்பால்காரரிடம் கொடுப்போம். பை தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அதற்குப் பிறகு எந்தக் கடிதம் எப்போது யார் கைக்குப் போகும் என்பது ஆபீசில் இருக்கிறவர் பாடு. ஒரு பெண்பிள்ளைக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், திகதி போய் ஐந்து நாள் கழித்துத்தான் அவளுக்குக் கிடைத்தது. கடிதத்தோடு என் கவுன்டருக்கு வந்து நின்றாள். உறையில் நான் குத்திய முத்திரையைக் காட்டினேன், என் பக்கம் தாமதமில்லை என்று. காட்டி என்ன பிரயோசனம்?

உங்கள் போனுக்குள்ளும் அப்படி ஓர் ஆபீஸ் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இன்ஸ்டகிராமில் 2016 வரைக்கும் கூட்டாளிகள் போட்ட படங்கள் போட்ட வரிசையிலேயே வந்தன. பிறகு, எதை முன்னால் வைத்தால் நீங்கள் அதிக நேரம் இருப்பீர்கள் என்று கணக்குப் பார்த்து அடுக்கத் தொடங்கினார்கள். தோட்டத்து ஆபீசில் நடந்தது பெரும்பாலும் அசட்டை. இங்கே அசட்டையே கிடையாது, எல்லாம் கணக்கு.

கூகுள் கதை இன்னும் வேடிக்கை. அதைத் தொடங்கிய இரண்டு மாணவர்களும் 1998இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலேயே, விளம்பரக் காசில் ஓடும் தேடுபொறி விளம்பரக்காரன் பக்கம்தான் சாயும் என்று சொல்லியிருந்தார்கள். 2000இல் அவர்களே விளம்பரம் விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

கோரி டாக்டரோ என்ற எழுத்தாளர் 2022இல் இந்தச் சீரழிவுக்கு ஒரு சொல் உண்டாக்கினார். மலத்தோடு சம்பந்தப்பட்ட சொல், இந்தப் பத்தியில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆஸ்திரேலியாவின் மக்குவாரி அகராதி அதையே 2024ஆம் ஆண்டின் சொல்லாக எடுத்தது. முதலில் பாவிக்கிறவனுக்கு நல்லது செய்து பிடிப்பார்கள். பிறகு அவனைக் காட்டி வியாபாரிக்கு நல்லது செய்வார்கள். இரண்டு பேரும் வேறெங்கும் போக முடியாமல் ஆனதும் இரண்டு பேரையும் கறப்பார்கள். இதுதான் அவர் சொல்வதன் சாரம். எனக்கு இதைப் படித்ததும் துண்டு முறைதான் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் தோட்ட வேலைக்கு ஆட்களை முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவார்கள். கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. அந்த முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இன்றைக்கு உங்கள் கூட்டாளிகளும் கல்யாணப் படங்களும் பேஸ்புக்கில் கிடக்கின்றன. விட்டுவிட்டு எங்கே போவீர்கள்?

ஆனால் நடுவில் இருக்கிற ஆபீசைச் சுற்றிக்கொண்டு போக வழிகள் உண்டு. கூகுளில் தேடியதும் மேலே படங்கள், செய்திகள் என்று ஒரு வரிசை வருமே, அதில் ‘வெப்’ என்பதைத் தட்டுங்கள், வெறும் இணைப்புகள் மட்டும் வரும். யூடியூபில் பார்த்தவற்றின் பதிவை அழித்து நிறுத்திவையுங்கள், முகப்பு வெறுமையாகிவிடும். எனக்கு அந்த வெறும் பக்கத்தைப் பார்க்க, கூட்டிவிட்ட இஸ்தோப்பு மாதிரி ஒரு நிம்மதி. பேஸ்புக் மெனுவில் ‘ஃபீட்ஸ்’ என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. அங்கே வந்த வரிசையிலேயே வரும்.

நல்ல இடங்களுக்கு நேரே போகவும் பழகுங்கள். நம்மவர்கள் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் விளம்பரத் தொல்லை இல்லாமல் கிடக்கின்றன. பூச்சிக்கு மட்டும் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள், அங்கே இலையைக் கையில் கொண்டுபோய்க் காட்டலாம்.

கேள்வி: அவர் கட்டாரில் இருக்கிறார். வட்ஸ்அப் இல்லாமல் முடியாது. ஆனால் அவரோடு பேசி முடித்து அடுத்ததைத் தட்டினால் இரண்டு மணித்தியாலம் போய்விடுகிறது. பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போனை என்ன செய்வது?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: மகள், கவ்வாத்து வெட்டுங்கள், தேயிலைச் செடி மாதிரி. அழைப்புக்கும் அவர் செய்திக்கும் மட்டும் மணி அடிக்கட்டும், மற்ற எல்லா அறிவித்தலையும் அணையுங்கள். பேஸ்புக், டிக்டொக் இரண்டையும் போனிலிருந்து எடுத்துவிட்டு, வேண்டுமானால் பிரவுசரில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் அடிக்கிற சோம்பல் நமக்கு நல்ல காவல்காரன். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கியும் வைக்கலாம், பாதி ஆசை போய்விடும்.

உங்கள் மேல் பிழை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்திரிகை என்றால் கடைசிப் பக்கம் வந்ததும் மடித்து வைத்துவிடுவோம். கீழே போகப் போக முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏஸா ரஸ்கின், பிறகு தானே அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார். இரவில் போனைக் குசினியில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து படுங்கள். விடிய எழும்ப ஒரு அலாரம் மணிக்கூடு வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: மழை வந்தாலே வட்ஸ்அப்பில் மலை பிளக்கிறது, அணை உடைகிறது என்று வீடியோ. எது உண்மை, எது கம்ப்யூட்டர் செய்தது என்று எப்படித் தெரியும்?
- வாசகர், பதுளை

பதில்: வீடியோவை உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க என்னாலும் முடிவதில்லை, ஐயா. நான் பார்ப்பதே இல்லை. 117க்கு அழைத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம். மண்சரிவு எச்சரிக்கை தருவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் கிளம்ப ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அதோடு உங்கள் லயத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இதில் ஒன்றைக் கண்டாலும் யாருடைய செய்திக்கும் காத்திருக்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நகருங்கள்.

கேள்வி: அம்மா, உங்களுக்கு இந்தப் போன் பைத்தியமே கிடையாதா?
- வாசகி, அப்புத்தளை

பதில்: போன மாதம் இரவு ஒரு மணிவரைக்கும், யாரோ ஒரு மனிதர் அழுக்குக் கார்ப்பெட் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று இரவு. என் வீட்டில் கார்ப்பெட்டே இல்லை.